துணிக்கும் பாஸ்போர்ட்: ஈய முத்திரை முதல் கியூஆர் கோடு வரை



கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடத்தை நிறுத்தாத டீச்சர் என்று என்னைப் பற்றி உங்களுக்கே தெரியும். இப்போது மணி அடிக்கவும் ஆள் இல்லை. பனியன் தொழிலில் இருப்பவர்களும் ஆன்லைனில் பொருள் விற்பவர்களுமாவது கடைசி வரை படித்துவிடுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவள். இப்போது திருப்பூர் பக்கம் வாடகைக் கட்டடத்தில் எட்டு மெஷின் போட்டு, கைக்குழந்தைகளுக்கான பனியன் துணிச் சட்டைகள் தைக்கிறாள். உள்ளூர்க் கடைகளுக்குக் கொடுப்பது போக, ஓர் ஆன்லைன் சந்தை வழியாக ஜெர்மனிக்கும் நெதர்லாந்துக்கும் சில்லறையாக அனுப்புகிறாள். எட்டுப் பெண்களுக்குச் சம்பளம் கொடுக்கிறாள். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

அன்றைக்கு அவள் குரலே சரியில்லை.

"டீச்சர், மனுசங்களுக்குத்தான் பாஸ்போர்ட்னு நீங்க சொல்லிக் கொடுத்தீங்க. இப்பத் துணிக்கும் பாஸ்போர்ட் எடுக்கணுமாமுங்க. ஒரு ஏஜெண்ட் வந்து, 45,000 ரூபாய் கட்டுங்க, இல்லைன்னா அடுத்த ஜனவரியிலிருந்து உங்க கணக்கை மூடிருவாங்கன்னு சொல்றாருங்க. வெளிநாட்டு யாவாரமே வேண்டாமுன்னு விட்டுறலாமான்னு இருக்குதுங்க."

அவள் பயந்ததில் தப்பில்லை. 2024 டிசம்பரில் ஒருமுறை அடிபட்டிருக்கிறாள். அந்த மாதம் 13-ஆம் தேதி ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய பொதுப் பொருள் பாதுகாப்பு ஒழுங்குமுறை நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டிலிருந்து அங்கே விற்கும் பொருளுக்கு, ஒன்றியத்துக்குள்ளேயே ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். அவர் பெயரும் முகவரியும் விற்பனைப் பக்கத்தில் தெரிய வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. இவளுக்கு வந்த ஆங்கில மின்னஞ்சலை இவள் படிக்கவில்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் இவள் போட்டிருந்த அத்தனை சட்டைகளும் ஐரோப்பிய வாடிக்கையாளர் கண்ணில் படாமல் மறைந்துவிட்டன. பொறுப்பாளரை ஏற்பாடு செய்து திரும்ப விற்பனை தொடங்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

"பணம் ஒரு பைசா கட்டாதே கண்ணு. ஞாயிற்றுக்கிழமை பில்லு, சலான் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வா" என்று சொல்லி வைத்தேன். அதற்குள் நானும் படிக்க வேண்டியிருந்தது. படிக்கப் படிக்க, இது புதுக் கூத்து இல்லை, குறைந்தது 800 வருசத்துப் பழைய கதை என்று தெரிந்தது. வரலாறு எடுத்தவளுக்கு அதை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியுமா?

*

1196-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டு காலத்தில் ஒரு சட்டம் வந்தது. நாடு முழுக்க அளவைகள் ஒன்றாக இருக்க வேண்டும், விற்பனைக்கு வரும் கம்பளித் துணி குறிப்பிட்ட அகலத்தில் இருக்க வேண்டும் என்றது அது. இதைக் கண்காணிக்கப் பின்னாளில் துணி அளக்கும் அரசு அலுவலர்கள் வந்தார்கள். துணியை அளந்து பார்ப்பார்கள். சரியாக இருந்தால் ஓரத்தில் ஒரு சிறு ஈயத் துண்டை மடித்து நசுக்கி முத்திரை குத்துவார்கள். முத்திரை இல்லாத துணியைச் சந்தையில் விற்கக் கூடாது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்த முறை இருந்தது. தேம்ஸ் நதிக்கரைச் சேற்றில் இன்றைக்கும் அந்த ஈய முத்திரைகள் கிடைக்கின்றன.

எதற்காக இவ்வளவு? பக்கத்து ஊர் நெசவாளரிடம் வாங்கும்போது அவர் முகம் தெரியும். துணி மட்டமாக இருந்தால் போய்ச் சண்டை போடலாம். துணி கடல் தாண்டிப் போய்விட்டால் அந்த வழி கிடையாது. வாங்குபவர் தொலைவுக்குப் போகப் போக, முகத்துக்குப் பதிலாக ஒரு அடையாளம் தேவைப்படுகிறது.

நெதர்லாந்தில் இந்த வேலையை இன்னும் நுணுக்கமாகச் செய்தார்கள். ரெம்பிராண்ட் 1662-ல் வரைந்த ஒரு புகழ்பெற்ற ஓவியம் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கறுப்பு உடையும் தொப்பியும் அணிந்த ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி இருக்கிறார்கள். பின்னால் ஓர் உதவியாளர். மேசையில் ஒரு பெரிய புத்தகம். நிமிர்ந்து நம்மையே பார்க்கிறார்கள். ஏதோ அரசவை மந்திரிகள் என்றுதான் நான் பல வருசம் நினைத்திருந்தேன். பார்த்தால், அவர்கள் துணி வணிகர் சங்கத்தின் தரச் சோதனையாளர்கள்! நம் ஊர்ப் பாஷையில் சொன்னால் குவாலிட்டி செக்கிங். துணி மாதிரியைப் பார்த்துத் தரம் பிரித்து ஈய முத்திரை போடுவார்கள். நான்கு முத்திரை என்றால் முதல் தரம்; ஒன்றே ஒன்று என்றால் கடைசித் தரம்.

முத்திரை இருந்த இடத்தில் மோசடியும் இருந்தது. இங்கிலாந்தில் துணியை அளக்காமலே முத்திரையை மட்டும் காசுக்கு விற்கிறார்கள் என்று புகார்கள் வந்தன. இதைப் படித்தபோது எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. உதவிக் கல்வி அலுவலர் ஆய்வுக்கு வருவதற்கு முந்தைய இரவு, மூன்று மாதப் பாடக் குறிப்பேட்டை ஒரே மூச்சில் எழுதி முடித்த ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. ஒரே பேனா, ஒரே மை, ஒரே கையெழுத்துச் சாய்வு. புரட்டிப் பார்த்துவிட்டு அந்த அலுவலர் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. அன்றன்றைக்கு எழுதாத பதிவேடு தன்னைத்தானே காட்டிக் கொடுத்துவிடும்.

*

அடுத்து 1887. அப்போது ஜெர்மனியில் செய்த கத்திகள், கத்தரிக்கோல்கள் சிலவற்றில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரப் பெயரைப் போட்டு விற்றார்கள். ஷெஃபீல்டு எஃகு என்றால் உலகம் நம்பி வாங்கும். உண்மையில் ஜெர்மன் பொருள்களுக்கு அன்று நல்ல பெயர் இல்லை. 1876-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா கண்காட்சிக்கு நடுவராகப் போன ஜெர்மன் பொறியாளர் ஃபிரான்ஸ் ராய்லோ, நம் பொருள்கள் மலிவானவை, மட்டமானவை என்று தன் நாட்டுக்கே எழுதி அனுப்பினார்.

பிரிட்டன் வணிகக் குறிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் பொருள் என்று நினைக்க வைக்கும் பெயரோ குறியோ உள்ள வெளிநாட்டுப் பொருளில், அது எந்த நாட்டில் செய்யப்பட்டது என்றும் எழுதியாக வேண்டும். அப்படித்தான் 'மேட் இன் ஜெர்மனி' என்ற சொற்கள் பரவலாக வந்தன. அடுத்தவனை ஒதுக்கிவைக்கப் போட்ட சூடு அது. ஜெர்மன்காரர்கள் பொருளின் தரத்தை உயர்த்தினார்கள். சில பத்தாண்டுகளில் அதே மூன்று சொற்களைப் பார்த்து மக்கள் நம்பி வாங்க ஆரம்பித்தார்கள். நம் வீட்டில் அப்பா காலத்துத் தையல் கத்தரிக்கோலைக் காட்டி, 'இது ஜெர்மன் சாமானாக்கும்' என்று சொல்வார்கள். உறவினர்களுக்கு நினைவிருக்கும்.

அதன் பிறகு எண்கள் வந்தன. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் டிராய் என்ற ஊரில், ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டின் மேலிருந்த கோடுகளைக் கருவி படித்தது. கடையில் பார்கோடு வைத்து விற்ற முதல் பொருள் அது. 1994-ல் ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசஹிரோ ஹாரா தலைமையிலான குழு கியூஆர் கோடை உருவாக்கியது. டீக்கடையில் நாம் பணம் அனுப்புவதற்காகப் பிறந்ததல்ல அது. கார் உதிரிப் பாகங்களைத் தொழிற்சாலையில் தடம் பிடிப்பதற்காகப் பிறந்தது.

பார்கோடு 'இது என்ன பொருள்' என்றுதான் சொல்லும். இந்த ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிய வேண்டுமானால் உங்கள் வீட்டு நகையை எடுத்துப் பாருங்கள். 2021 ஜூலையிலிருந்து நம் நாட்டில் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம் பொறிக்கிறார்கள். 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, ஹால்மார்க் கட்டாயமான நகைகளை இந்த அடையாளம் இல்லாமல் கடையில் விற்கக் கூடாது. பேத்திக்குக் கம்மல் வாங்கியபோது அந்த ஆறு இலக்கத்தை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் செயலியில் தட்டிப் பார்த்தேன். எந்தக் கடை பதிவு செய்தது, எந்த மையத்தில் சோதித்தார்கள், தங்கத்தின் தூய்மை என்ன என்று எல்லாம் வந்தது. அந்தக் கம்மலுக்கென்றே ஒரு எண்!

துணிக்கு வரப்போகும் பாஸ்போர்ட் ஏறக்குறைய இதேதான். இதை என் மாணவியிடம் சொன்னவுடன் அவள் முகத்தில் பாதிப் பயம் போய்விட்டது. "இவ்வளவுதானுங்களா டீச்சர்?" என்றாள். இவ்வளவுதான் என்று நான் சொல்லவில்லை.

*

இனி நான் சொல்லப் போவது நம் ஊர்க் கதை.

1994-ல் ஜெர்மனி சில அசோ வகைச் சாயங்களுக்குத் தடை போட்டது. அந்தச் சாயங்கள் தோலோடு ஒட்டியிருக்கும் துணியிலிருந்து, புற்றுநோய் உண்டாக்கக் கூடிய அமீன் எனப்படும் பொருள்களை வெளிவிடக் கூடியவை. நம் நாட்டிலும் 1997-ல் மத்திய அரசு அசோ சாயங்கள் பலவற்றைத் தடை செய்தது. தடை வந்த புதிதில் திருப்பூரில் எல்லோரும் திட்டினார்கள். வெள்ளைக்காரன் நம்மை வளர விடாமல் செய்யும் சூழ்ச்சி என்று டீக்கடையில் பேசிக்கொண்டதை நானே கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தச் சாயப் பவுடரைக் கையால் அள்ளி வாளியில் கலக்கியவர்கள் யார்? நம் ஊர்க்காரர்கள்தான்.

அந்தச் சட்டையைப் போடும் குழந்தையைப் பற்றி ஜெர்மனி கவலைப்பட்டது. அதைச் சாயமேற்றிய தண்ணீர் எங்கே போனது என்று எந்த லேபிளும் கேட்கவில்லை.

அது நொய்யலுக்குப் போனது. 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது. என் பெரியப்பா மகன், எங்கள் அண்ணனுடைய தோட்டம் அந்தப் பக்கம்தான். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. தென்னை மட்டை தொங்கிக் குரும்பை உதிர்ந்தது. தொட்டியில் ஊற்றிய தண்ணீரை எருமை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். கடைசியில் மாடுகளை விற்றார்கள். அந்த வீட்டு மருமகள் காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேனில் ஏறிப் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். தோட்டத்தைக் கெடுத்ததும் அந்தத் தொழில்தான்; அடுப்பை எரிய வைத்ததும் அந்தத் தொழில்தான். அண்ணன் யாரைத் திட்டுவார்?

விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். பல வருசம் நடந்தது. கடைசியில் 2011 ஜனவரியில், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் நின்றன. அந்த மாதங்களில் ஊரே வெறிச்சோடியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் தண்ணீரை வடிகட்டி, உப்பைப் பிரித்து, அதே தண்ணீரைத் திரும்பச் சாயத்துக்குப் பயன்படுத்தும் முறைக்குத் திருப்பூர் மாறியது. அதற்கு ஆகும் செலவு சாயக் கூலியில் ஏறியது. இன்றைக்கும் ஒவ்வொரு கிலோ துணியிலும் அந்தச் செலவு இருக்கிறது.

அடுத்து 2013 ஏப்ரல் 24. வங்கதேசத்தில் டாக்காவுக்குப் பக்கத்தில் சாவர் என்ற இடத்தில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. உள்ளே தையல் கம்பெனிகள். 1,134 பேர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தது. ஆனாலும் அவர்களை வேலைக்கு வரச் சொன்னார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அங்கே எந்தெந்தப் பெரிய கம்பெனிகளின் துணி தைக்கப்பட்டது என்பதை நிரூபிக்க, தொழிலாளர் அமைப்புகளைச் சேர்ந்தவர்கள் இடிபாடுகளுக்குள் லேபிள்களைத் தேடி எடுத்தார்கள். சட்டை எங்கே தைத்தது என்று சொல்ல வேறு நம்பகமான பதிவேடு கையில் இல்லை.

ஒரு சட்டை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இப்படியா பதில் தேட வேண்டும்?

*

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். இதைத் தொழில் செய்பவர்கள் நிதானமாகப் படியுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/1781 எண்ணுள்ள சூழல் வடிவமைப்பு ஒழுங்குமுறை 2024 ஜூலை 18 அன்று அமலுக்கு வந்தது. 'டிஜிட்டல் புராடக்ட் பாஸ்போர்ட்' என்பது அதில்தான் இருக்கிறது. ஆனால் அது எல்லாப் பொருளுக்கும் ஒரே நாளில் வரவில்லை. ஒவ்வொரு பொருள் வகைக்கும் தனி விதி போடுவார்கள். அந்த விதி வந்த பிறகும், பொதுவாகக் குறைந்தது 18 மாதம் அவகாசம் உண்டு.

2025 ஏப்ரலில் வெளியான வேலைத் திட்டத்தில் துணி, மேசை நாற்காலி போன்ற அறைகலன், மெத்தை, டயர், இரும்பு எஃகு, அலுமினியம் ஆகியவை முதல் வரிசையில் இருக்கின்றன. ஆடைகளுக்கான விதியை 2027 வாக்கில் கொண்டுவருவதாகத் திட்டம். அதோடு 18 மாதத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். பேட்டரிகளுக்கு மட்டும் தனிச் சட்டம்: மின்சார வாகனம், மின்சார ஸ்கூட்டர் போன்றவற்றின் பேட்டரிகளுக்கும் பெரிய தொழிற்சாலைப் பேட்டரிகளுக்கும் 2027 பிப்ரவரி 18 முதல் பாஸ்போர்ட் கட்டாயம்.

ஆகவே அடுத்த ஜனவரியிலிருந்து குழந்தைச் சட்டைக்குப் பாஸ்போர்ட் இல்லாவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள் என்று சொல்லி 45,000 ரூபாய் கேட்பது ஏமாற்று வேலை. துணிக்கு என்னென்ன விவரம் வேண்டும் என்ற விதியே வராதபோது அவர் எதை எழுதிக் கொடுப்பார்? அளக்காமல் விற்ற ஈய முத்திரை போலத்தான் அதுவும்.

ஆன்லைனில் விற்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை:

1. பாஸ்போர்ட்டை உருவாக்கும் பொறுப்பு பொருளைச் சந்தைக்குக் கொண்டுவரும் உற்பத்தியாளருடையது. வெளிநாட்டுப் பொருளானால், அது இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு இறக்குமதியாளருக்கு உண்டு. நீங்களே தைத்து உங்கள் பெயரில் விற்றால் நீங்கள்தான் உற்பத்தியாளர்.

2. கடையில் வாங்குபவர் லேபிளைத் தொட்டுப் பார்ப்பார். ஆன்லைனில் முடியாது. எனவே பணம் கட்டுவதற்கு முன்பே பாஸ்போர்ட்டை அவர் பார்க்க முடிய வேண்டும். அதற்காகக் கியூஆர் போன்ற குறியின் டிஜிட்டல் நகலையோ அந்தப் பொருளின் அடையாள எண்ணையோ ஆன்லைன் சந்தைக்கு நீங்கள் கொடுக்க வேண்டும். கேட்டால் ஐந்து வேலை நாளுக்குள், இலவசமாக.

3. ஒன்றிய அளவில் ஒரு பதிவகம் வருகிறது. பாஸ்போர்ட் கட்டாயமான பொருள்களின் அடையாள எண்ணை அதில் பதிய வேண்டும். சுங்கத்தில் அதைச் சரிபார்ப்பார்கள்.

4. உங்கள் சொந்த இணையப் பக்கத்துக்குப் போகும் ஒரு கியூஆர் கோடை அச்சடித்தால் அது பாஸ்போர்ட் ஆகிவிடாது. நீங்கள் தொழிலை மூடிவிட்டாலும் அந்த விவரம் கிடைக்க வேண்டும் என்பதற்காக, அதன் நகல் தனியொரு சேவை நிறுவனத்திடம் இருக்க வேண்டும்.

5. ஒரு மாடலுக்கு ஒன்றா, ஒரு லாட்டுக்கு ஒன்றா, ஒவ்வொரு பீசுக்கும் ஒன்றா என்பதை அந்தந்தப் பொருளுக்கான விதி சொல்லும்.

"என் சாயப்பட்டறைக்காரர் பேரை எல்லாம் போட்டா, வாங்கறவங்க நேரா அவருகிட்டப் போயிர மாட்டாங்களா டீச்சர்?" என்று என் மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. எல்லோருக்கும் எல்லாம் தெரியாது. வாடிக்கையாளர் பார்ப்பது வேறு, அதிகாரிகளும் பழுது பார்ப்பவர்களும் மறுசுழற்சி செய்பவர்களும் பார்ப்பது வேறு என்று பிரித்துத்தான் சட்டம் எழுதியிருக்கிறார்கள்.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு கட்டைப் பை நிறைய பில்லும் சலானும் கொண்டுவந்தாள். நான் ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து, சிவப்பு நிறக் குழந்தைச் சட்டை ஒன்றை நடுவில் வைத்தோம். இது எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கி நடந்து பார்ப்போம் என்றேன்.

தைத்தது, செக்கிங், அயர்ன், பேக்கிங்: இவள் யூனிட்டிலேயே. யார் என்றைக்குத் தைத்தார்கள் என்று பீஸ் கணக்கு நோட்டில் இருக்கிறது. நெஞ்சில் இருக்கும் யானைப் படம்: பிரிண்டிங் ஜாப் ஒர்க். பேப்பர் கிடையாது, வாய்க் கணக்கு. பட்டன்: கடை பில் இருக்கிறது, ஆனால் 'பட்டன்' என்று மட்டும்தான் போட்டிருக்கிறது. எந்த உலோகம் என்று இல்லை. சாயம்: சலானில் லாட் நம்பரும் கலரும் கிலோவும் இருக்கின்றன. எந்தச் சாயம் என்று இல்லை. நிட்டிங்: எடை போட்ட சலான் இருக்கிறது. நூல்: கோன் உள்ளே ஒட்டியிருந்த சீட்டை, நல்லவேளையாக, பில்லோடு குத்தி வைத்திருந்தாள். மில் பெயர், லாட் நம்பர் எல்லாம் இருந்தது.

பருத்தி? அங்கே நின்றுவிட்டோம். மில்லில் பல ஊர்ப் பேல்களைக் கலந்துதான் நூற்பார்கள். எந்தக் காட்டுப் பருத்தி என்று இவளால் எப்படிச் சொல்ல முடியும்?

ஏழு படிகளில் பாதிக்குத்தான் முழுக் காகிதம் இருந்தது. "என் சட்டையைப் பத்தி எனக்கே இவ்வளவுதான் தெரியுமுங்களா" என்றாள். எனக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

மறுநாள் அவள் சாயப்பட்டறைக்குப் போன் செய்திருக்கிறாள். பத்தே நிமிசத்தில் சாயக் கம்பெனி கொடுத்த சான்று, பொதுச் சுத்திகரிப்பு நிலைய உறுப்பினர் விவரம் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டன. பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகள் கேட்டுக் கேட்டு அவர் எல்லாவற்றையும் தயாராக வைத்திருக்கிறார். "இத்தனை வருசம் நீங்க கேட்கவே இல்லையேம்மா" என்றாராம். பிரிண்டிங்காரர் மட்டும், "இவ்வளவு நாள் இல்லாத பேப்பர் இப்ப எதுக்கு? வேணும்னா வேற ஆளைப் பாத்துக்க" என்று வைத்துவிட்டார். பன்னிரண்டு வருசப் பழக்கம். அவளுக்கு அதில் வருத்தம்.

*

எனக்கு இந்தச் சட்டத்தின் மேல் ஒரு குறையும் உண்டு, ஒரு நம்பிக்கையும் உண்டு.

குறையை முதலில் சொல்கிறேன். பெரிய கம்பெனியில் இந்தக் காகிதத்துக்கென்றே தனி ஆள், தனி அறை, தனி சாஃப்ட்வேர் இருக்கும். எட்டு மெஷின் வைத்திருப்பவள் தையலும் பார்த்து, டெலிவரியும் பார்த்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆங்கில மின்னஞ்சலையும் படிக்க வேண்டும். ஒரு சட்டைக்குக் கூடுதலாக எத்தனை விவரம் வேண்டும் என்று கேட்கும் ஊர், அந்தச் சட்டைக்குக் கூடுதலாக எத்தனை காசு தரும் என்று சொல்வதில்லை. அந்தச் செலவு கடைசியில் தைக்கும் பெண்ணின் பீஸ் ரேட்டில் கை வைக்கக் கூடாது. இதைத் தொழில் சங்கங்களும் அரசாங்கமும் கேட்டுப் பேச வேண்டும். சிறு யூனிட்டுகள் பத்து இருபது சேர்ந்து இந்தப் பதிவுக்கு ஒரே ஆளை வைத்துக்கொள்ளலாம். தனித்தனியாக ஏஜெண்டிடம் மாட்டிக்கொள்வதைவிட அது மேல்.

நம்பிக்கை எங்கள் அண்ணன் தோட்டத்திலிருந்து வருவது. தண்ணீரைச் சுத்தம் செய்யாத ஊரில் சாயமேற்றிய சட்டையும், ஒவ்வொரு சொட்டையும் வடிகட்டும் நம் ஊர்ச் சட்டையும் ஆன்லைனில் பக்கத்துப் பக்கத்தில் படமாகத் தெரிகின்றன. இரண்டும் சிவப்பு. இரண்டும் நூறு சதவீதம் பருத்தி. நம்முடையது ஐம்பது ரூபாய் அதிகம். ஏன் அதிகம் என்று வாங்குபவருக்குச் சொல்ல இன்றைக்கு இடமே இல்லை. நொய்யல் பட்ட பாட்டுக்குப் பிறகு நாம் செலவழித்துச் செய்த நல்ல காரியம் லேபிளில் தெரிவதில்லை. சாயத்தையும் தண்ணீரையும் பற்றிய கேள்விகள் துணியின் பாஸ்போர்ட்டில் இடம் பெற்றால், முதன்முறையாக அதைச் சொல்ல நமக்கு ஓர் இடம் கிடைக்கும். 'மேட் இன் ஜெர்மனி' கதையைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். சந்தேகத்தில் கேட்ட கேள்விக்கு அவர்களிடம் நல்ல பதில் இருந்தது; அந்தப் பதில்தான் அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது.

ஆனால் பதில் எழுத்தில் இருக்க வேண்டும். சட்டம் வந்த பிறகு முந்தைய மூன்று வருசத்தை ஒரே ராத்திரியில் எழுத முடியாது. அதைச் செய்து மாட்டிக்கொண்டவள் சொல்கிறேன், கேளுங்கள்.

ஆகவே தொழிலில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு இப்போதைக்கு மூன்றே வேலை. ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி நூல், நிட்டிங், சாயம், பிரிண்டிங், பட்டன், தையல் என்று வரிசையாக எழுதுங்கள். சலானையும் கோன் சீட்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். ஜாப் ஒர்க் கொடுக்கும் இடத்தில் கூச்சப்படாமல் காகிதம் கேளுங்கள். ஆன்லைன் சந்தையிலிருந்து வரும் மின்னஞ்சலைப் படிக்காமல் விடாதீர்கள். ஆங்கிலம் புரியாவிட்டால் வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் கொடுங்கள், அல்லது எனக்கு அனுப்புங்கள். பணம் கேட்டு யார் வந்தாலும், எந்தச் சட்டம், எந்தத் தேதி என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் தண்ணீர் கொடுத்து அனுப்பி வையுங்கள்.

என் மாணவி ஏஜெண்டுக்குப் பணம் கட்டவில்லை. ஐரோப்பிய விற்பனையை விடவும் இல்லை. நேற்று ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். அந்த நாற்பது பக்க நோட்டு தீர்ந்து, நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டிருக்கிறாள். முதல் பக்கத்தில் லாட் நம்பர், தேதி. பிரிண்டிங் என்ற இடத்துக்கு எதிரே இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. பருத்தி என்ற இடத்தில் 'மில்லில் கேட்க வேண்டும்' என்று பென்சிலால் எழுதியிருக்கிறாள்.

ஐந்தாம் வகுப்பில் அவள் கையெழுத்து எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று எழுதியிருந்தாள் பாருங்கள், அதற்குத்தான் நான் நோட்டில் 'நன்று' போடுவேன்.

தொழிலில் இருக்கும் மற்றவர்கள் உங்கள் அனுபவத்தைக் கமெண்டில் எழுதுங்கள். ஒருவர் பட்ட பாடு இன்னொருவருக்குப் பாடமாகட்டும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்